பேதி, காய்ச்சல், கோழிக்கடை: சேலத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சேலத்தில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கோழிக்கடை, பால் சொசைட்டி, ஆட்டுப்பட்டி, ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடு என்று மாதிரி எடுக்கப் போகும் இடத்திலெல்லாம், ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் கேள்வி ஆரம்பமாகிவிடும். கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, பதிலையும் சேர்த்து இங்கே போட்டிருக்கிறேன். மருந்து எழுதிக் கொடுப்பது என் வேலை இல்லை. அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கிருமின்னா கிருமிதானுங்களே, பாக்டீரியா வேற வைரஸ் வேறன்னு எதுக்குப் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்றீங்க?

சாப்பாட்டு விஷயத்தில் இந்தப் பிரிவு ரொம்ப முக்கியம். பாக்டீரியா உணவிலேயே பெருகும். காலையில் குழம்பில் பத்து இருந்தால், வெதுவெதுப்பாக வைத்திருந்த குழம்பில் மாலைக்குள் லட்சக்கணக்கில் ஆகிவிடும். வைரஸுக்கு உயிருள்ள செல் வேண்டும். வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் சட்னியில் விழுந்தால் விழுந்த அளவேதான் இருக்கும். ஆனால் அதில் சில பத்துத் துகள்கள் வயிற்றுக்குள் போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். ஆகவே பாக்டீரியாவுக்கு நேரத்தையும் சூட்டையும் கவனிக்க வேண்டும், வைரஸுக்குக் கையையும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வர்றது நமக்கு எப்படி மேடம் வரும்?

தாராளமாக வரும். மனிதருக்கு நோய் தரும் கிருமிகளை வகைவாரியாக எண்ணிய கணக்கு ஒன்று 2001-ல் வெளியானது. மொத்தம் 1,415 வகையில் 61 சதவீதம் விலங்குகளிலிருந்தும் பரவக்கூடியவை. பால், கறி, முட்டை வழியாக வரலாம். சாணி, மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாக வரலாம். பூச்சி கடித்தும் வரலாம். பல சமயம் விலங்குக்கு ஒன்றுமே செய்யாது என்பதுதான் சங்கடம். கோழியின் குடலில் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா சாதுவாகக் குடியிருக்கும். நம் குடலுக்கு வந்தால்தான் ரகளை.

உணவு வழி நோய்களால் உலகத்தில் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் பாதிக்கப்படுவதாகவும் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் மதிப்பிட்டது. இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. "வயித்தால போறதெல்லாம் ஒரு நோயா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

நேத்து ராத்திரி ஹோட்டல்ல பரோட்டா சாப்பிட்டேன், காலையில இருந்து பேதி. அந்த ஹோட்டல்தானே காரணம்?

இருக்கலாம். ஆனால் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம், அதில் பல சமயம் தப்பான ஆள் மாட்டிக்கொள்வார். கிருமிக்குக் கிருமி நேரம் வேறு. ஸ்டஃபிலோகாக்கஸ் நச்சு என்றால் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சால்மோனெல்லாவுக்கு 6 மணி நேரம் முதல் 3 நாள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கேம்பைலோபாக்டருக்கு 2 முதல் 5 நாள். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு 15 முதல் 50 நாள். லிஸ்டீரியா இரண்டு மாதம் கழித்தும் வரலாம். அதற்குள் என்ன சாப்பிட்டோம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே முந்தைய மூன்று நாள் சாப்பாட்டை எழுதிப் பாருங்கள். கூடவே இன்னொன்று: அதே பரோட்டாவைச் சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள் யார் யார் என்றும் கேளுங்கள். படுத்தவர்களை மட்டும் விசாரித்தால் எல்லோரும் தண்ணீர் குடித்திருப்பார்கள், எல்லோரும் சோறு சாப்பிட்டிருப்பார்கள். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. படுக்காதவர்கள் எதைச் சாப்பிடவில்லை என்பதில்தான் விடை இருக்கும்.

சரி, பேதின்னா உடனே மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்திடலாமே?

முதலில் வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; கால் டம்ளரில் கெட்டியாகக் கலக்கிக் குழந்தைக்குக் கொடுத்தால் உடம்பில் உள்ள நீர் இன்னும் போகும். குழந்தைக்கு டாக்டர் துத்தநாக மாத்திரையும் எழுதுவார்.

பேதியில் ரத்தம் வந்தால், காய்ச்சல் இருந்தால், மூத்திரம் குறைந்தால், குழந்தை சோர்ந்து கிடந்தால், கர்ப்பிணியாக இருந்தால் மெடிக்கல் வாசலில் நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஷிகா நச்சு சுரக்கும் ஈ.கோலை வகையில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு கூடலாம். பேதியை அடைக்கும் மாத்திரையும் அப்போது ஆபத்து. மலத்தைச் சோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால், ஆன்டிபயாடிக் முதல் மாத்திரை உள்ளே போவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். காரணம் கடைசியில் வரும்.

நல்லாக் கொதிக்க வச்சா எல்லாக் கிருமியும் செத்துரும்ல? அப்புறம் என்ன பயம்?

கிருமி சாகும். கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் இரண்டும் காலி. ஆனால் கிருமி விட்டுப்போன நச்சு சாகாது. ஸ்டஃபிலோகாக்கஸ் நம் மூக்கிலும் கைப்புண்ணிலும் இருக்கும் பாக்டீரியா. சமைத்தவர் கையிலிருந்து பால்கோவாவிலோ பன்னீரிலோ விழுந்து, வெளியிலேயே வைத்திருந்து பெருகிவிட்டால், அதன் நச்சு அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கும். பேசில்லஸ் சீரியஸ் என்பது சோற்றுக் கிருமி. அதன் வித்து, அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் நிலை, சோறு வேகும்போதும் பிழைத்துக்கொள்ளும். வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் முளைத்து, வாந்தி நச்சைச் சுரக்கும். அந்த நச்சு பிரஷர் குக்கர் சூட்டையும் தாங்கும்.

மதியச் சோற்றை மூடி வைத்து ராத்திரி லெமன் சாதம் கிளறும் வீடுகளும், காலையில் வேகவைத்த சோற்றில் இரவு பத்து மணிக்கு ஃப்ரைட் ரைஸ் போடும் கடைகளும் இதைக் கவனிக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி வரை பாக்டீரியா பெருகும் வெப்பம். அதற்கு மேலே சூடாக வைத்திருங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள்.

அப்ப பழைய சோறும் சாப்பிடக் கூடாதா? எங்க அப்பாரு காலத்துல இருந்து சாப்பிடறோம்.

சாப்பிடலாம். சோற்றைச் சூடு ஆறியவுடன் நீரில் ஊறவைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிப்பு ஏறும், அந்தப் புளிப்பு மற்றவற்றைத் தலைதூக்க விடாது. ஊற்றும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மதியம் வடித்து இரவு வரை அப்படியே கிடந்த சோற்றில் தூங்கப் போகும்போது தண்ணீர் ஊற்றினால், புளிப்பு ஏறுவதற்குள் அந்தப் பேசில்லஸ் சீரியஸ் தன் வேலையை முடித்திருக்கும்.

ஆடி மாதக் கூழுக்கும் இதே கதை. கூழ் நன்றாகத்தான் காய்ச்சியிருப்பார்கள். கூட்டம் கூடியதும் கரைத்து ஊற்றச் சேர்க்கும் பச்சைத் தண்ணீரில்தான் எனக்குச் சந்தேகம்.

ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம் ஆனாலும் கெடாதுல்ல?

பெருக்கம் மெதுவாகும், நிற்காது. லிஸ்டீரியா 4 டிகிரியிலும் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 2017-18-ல் பதப்படுத்திய இறைச்சியின் வழியே அது பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 200-க்கும் மேல் இறந்தார்கள். கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், வயிற்றில் உள்ள குழந்தைதான் போய்விடும். கர்ப்பிணிகள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிட வேண்டும்.

கோழிக்கறியைக் கழுவாதீங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க. கழுவாம எப்படிக்கா சமைக்கிறது, அருவருப்பா இருக்காதா?

அந்த அறிவுரை, தொழிற்சாலையில் சுத்தம் செய்து பையில் அடைத்து வரும் கறிக்காகச் சொன்னது. நம் ஊர்க் கடையில் கண்ணெதிரே அறுத்து, டிரம்மில் போட்டு, மயிர் பிடுங்கும் மெஷினில் சுற்றி, ஒரே மரக்கட்டையில் வெட்டித் தருகிறார்கள். ரத்தமும் மயிரும் ஒட்டியிருக்கும். கழுவாதீர்கள் என்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

கழுவுங்கள், ஆனால் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் பிடிக்காதீர்கள். தெறிக்கும் துளி பக்கத்தில் இருக்கும் வெங்காயத்தில், தட்டில், குழந்தையின் பால் பாட்டிலில் விழும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள்ளேயே அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் தொட்டியில் சாய்த்து ஊற்றிவிடுங்கள். பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறி வெட்டிய கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். கழுவுவதால் கிருமி போய்விடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம், அதைக் கொல்வது அடுப்புதான்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் கேம்பைலோபாக்டர். சில நூறு போதும், நோய் வந்துவிடும். ஆயிரத்தில் ஒருவருக்கு, பேதி நின்று சில வாரம் கழித்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்கிக் கை கால் விழுந்துவிடும். கில்லன் பாரே என்று பெயர். 2025 ஜனவரியில் புனேயில் அப்படிக் கூட்டமாக நோயாளிகள் வந்தபோது, பலருடைய மல மாதிரியில் கிடைத்தது இதே பாக்டீரியாதான்.

பக்கத்துலயே நாமக்கல் இருக்கு, தினமும் முட்டைதான். முட்டையில கிருமி ஓட்டுக்கு மேலயா, உள்ளயா?

இரண்டும் உண்டு. ஓட்டின் மேல் எச்சம் ஒட்டி வருவது ஒருவகை. சால்மோனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை கோழியின் சினைப்பையிலேயே குடியேறி, ஓடு உருவாவதற்கு முன்பே உள்ளே போய்விடும். வெளியே பளபளவென்று இருக்கும் முட்டையிலும் இருக்கலாம். இங்கிலாந்தில் முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்த பிறகு இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. நமக்கு வழி, வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைப்பது. வாங்கியவுடன் மொத்த முட்டையையும் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டில் உள்ள மெல்லிய பூச்சு போய், ஈரம் வழியாகக் கிருமி உள்ளே இறங்கும்.

மயோனைஸ் பற்றியும் சேர்த்தே கேட்பார்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை அடுப்பு பார்ப்பதே இல்லை. கடையில் நாள் முழுக்க வெளியிலேயே இருக்கும். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது. ஷவர்மாவில் கூடுதல் சிக்கல்: சுற்றும் கறியின் வெளிப்பக்கம் வெந்திருக்கும், உள்பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கூட்டம் அதிகமாகி அவசரமாகச் சீவும்போது வேகாததும் சேர்ந்து விழும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பறவைக் காய்ச்சல்னு டிவியில வந்தா கோழி விக்கவே மாட்டேங்குது. சாப்பிட்டா வருமா, வராதா?

வெந்த கறியாலும் வெந்த முட்டையாலும் வராது. 70 டிகிரியில் அந்த வைரஸ் அழிந்துவிடும். ஆபத்து சாப்பிடுபவருக்கு இல்லை, நோயுற்ற கோழியைத் தொடுபவருக்கும் அறுப்பவருக்கும்தான். 1997-ல் ஹாங்காங்கில் முதன்முதலாக ஹெச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதருக்கு வந்தபோது 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள், உயிர்க்கோழிச் சந்தைகள்தான் வழி. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூர் பண்ணைகளில் முதலில் தெரிந்தது. 2024-ல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கும் வந்து, பச்சைப் பாலிலும் வைரஸ் இருந்தது. பாஸ்டுரைஸ் செய்தால், அதாவது குறிப்பிட்ட சூட்டில் சிறிது நேரம் வைத்தால், அழிகிறது.

பண்ணையில் திடீரென்று கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தால், மலிவாக விற்றுத் தள்ளாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போகும்.

ஏஞ்சாமி, கறந்த சூட்டோட பால் குடிச்சாத்தான் சத்து. காய்ச்சினா சத்துப் போயிருமாமே?

ஆத்தூர் பக்கம் ஒரு பாட்டி கேட்டது இது. போவது கொஞ்சம் வைட்டமின். காய்ச்சாமல் குடித்தால் வருவது புருசெல்லா என்ற பாக்டீரியா. மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வேர்வை, முதுகுவலி, ஆண்களுக்கு விரை வீக்கம். டைபாய்டு என்றும் காசநோய் என்றும் சுற்றி அலைந்து, கடைசியில்தான் கண்டுபிடிப்பார்கள். மாட்டுக் காசநோயும் பச்சைப் பாலில் வரும். 63 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலே இவை அழியும். அதுதான் பாஸ்டுரைஸ். வீட்டில் பொங்கக் காய்ச்சுவது அதைவிட அதிகச் சூடு.

பால் குடிக்காமலும் வரும். சினை கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுப்பவர்களுக்குத்தான் முதலில் வரும். மாடோ ஆடோ மாதம் தவறிக் கன்று போட்டால் கையுறை போடுங்கள், கழிவைப் புதையுங்கள், நாய்க்கு வீசாதீர்கள். 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில், 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான ஊசி ஒரே தடவை போடுகிறார்கள். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி, ஆகவே ஊசி போடுபவர் தன் கையில் குத்திக்கொண்டால் அவருக்கே நோய் வரலாம்.

அக்கா, தட்டுவடை செட் மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீங்க!

சொல்ல மாட்டேன், நானும் சாப்பிடுகிறவள்தான். தட்டுவடையில் ஈரம் இல்லை, பயமில்லை. துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், தண்ணீர்ச் சட்னி ஆகியவை பச்சை. கழுவிய தண்ணீரும் அடுக்கும் கையும்தான் விஷயம். காசு வாங்கிய கையாலேயே துருவலை அள்ளுகிற கடையை விட்டு, கரண்டியோ கிடுக்கியோ வைத்திருக்கிற கடைக்குப் போங்கள். காலையில் துருவியது இரவு எட்டு மணிக்கும் வெளியில் இருந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன பெருக்கக் கணக்கு இதற்கும் பொருந்தும். கடைக்காரர் சானிடைசர் தடவுகிறார் என்று நிம்மதி அடைய வேண்டாம், நோரோவைரஸுக்கு அது சரியாக வேலை செய்வதில்லை, சோப்பும் தண்ணீரும்தான்.

பச்சைக்காய்கறியைச் சும்மா நினைக்காதீர்கள். 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை ஓ104 வகையால் 3,800 பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டு, 50-க்கும் மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் என்று அறிவித்தார்கள், அந்த விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். கடைசியில் மாட்டியது வெந்தய முளை. முளைகட்டும் ஈரமும் கதகதப்பும் பாக்டீரியாவுக்கும் தோதானவை. முளைகட்டிய பயறை ஆவியில் ஒரு கொதி விட்டுச் சாப்பிடுங்கள்.

கெடா விருந்து முடிஞ்ச மறுநாள் ஊரே வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குது. கறி கெட்டுப்போச்சா, செய்வினையா?

கறி நல்ல கறிதான். ராத்திரியே பெரிய அண்டாவில் குழம்பு வைத்து, இறக்கி, மூடி வைத்து, மறுநாள் மதியம் பரிமாறுகிறார்கள். அண்டாவின் நடுப்பகுதி ஆறுவதற்கு விடிந்துவிடும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்து கொதியில் சாகாது. காற்றில்லாத, 45 டிகிரியை ஒட்டிய அண்டா நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சாப்பிட்டு எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தில் வயிற்றுப் பிடிப்பும் பேதியும். காய்ச்சல், வாந்தி பெரும்பாலும் இருக்காது. ஒரு நாளில் அடங்கிவிடும்.

விடியற்காலையில் சமைத்துச் சூடாகப் பரிமாறுவது சுலபமான வழி. முன்கூட்டியே சமைத்தே ஆக வேண்டுமென்றால் அகலமான தாம்பாளங்களில் ஊற்றி ஆறவிட்டு, பரிமாறும் முன் கொதிக்கவிடுங்கள்.

மேச்சேரி ஆடு ஒண்ணு திடீர்னு விழுந்து செத்துப்போச்சு. நல்ல கனமான ஆடு. அறுத்துப் பங்கு போட்டா என்ன?

தொடவே தொடாதீர்கள். நேற்றுவரை நன்றாக மேய்ந்த ஆடோ மாடோ திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வழிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம், ஆந்த்ராக்ஸ் என்பார்கள். உடலை அறுத்ததும் ரத்தத்தில் உள்ள கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறும், அந்த வித்து மண்ணில் பத்து, இருபது வருஷம்கூட உயிரோடு கிடக்கும். அறுத்தவர் கையில் வலியில்லாத புண் வந்து நடுவில் கறுப்பாகும். கறியைத் தின்றவருக்குக் குடலில் வந்தால் இன்னும் மோசம். அரைகுறையாக வெந்த கறியில் வித்து சாகாது.

தோலை உரிக்காமல், இழுத்துச் செல்லாமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் பார்ப்பார்; ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்வார். மீதி ஆடுகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ராணிப்பேட்டை அரசு நிறுவனத்திலேயே தயாராகிறது. ஒரு ஆட்டின் விலைக்காக மொத்தப் பட்டியையும் பணயம் வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை, எத்தனை தடவை "ஒண்ணும் ஆகலயே" என்று சொன்னாலும்.

ஏற்காட்டுல வவ்வால் கடிச்ச கொய்யா கெடக்குது. நிபா வருமா?

நிபா வைரஸ் பழந்தின்னி வவ்வாலின் எச்சிலிலும் மூத்திரத்திலும் இருக்கும். 1998-99-ல் மலேசியாவில் பன்றிப் பண்ணை வழியாக வந்தது. 2018-ல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 பேர் இறந்தார்கள். வங்கதேசத்தில் ஈச்ச மரத்தில் இறக்கிய பச்சைச் சாற்றைக் குடித்து வருகிறது. புனே தேசிய வைராலஜி நிறுவனம் நடத்திய ஆய்வுகளில், தமிழ்நாடு உட்படப் பல மாநில வவ்வால்களில் இந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் கிடைத்திருக்கிறது. வவ்வாலுக்குத் தொற்று இருப்பதும் அது மனிதருக்குத் தாவுவதும் வேறு வேறு விஷயங்கள்.

கடித்த தடம் உள்ள பழத்தைத் தூக்கி எறியுங்கள். "கடிச்ச பழம்தான் இனிப்பு" என்று அந்தப் பக்கத்தை மட்டும் சீவிவிட்டுத் தின்னாதீர்கள். மற்றப் பழங்களைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம். மரத்தை வெட்டுவதும் வவ்வாலை விரட்டுவதும் உதவாது, கலைந்த கூட்டம் இன்னும் அதிகமாக வைரஸைச் சிந்தும்.

எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிச்சுட்டு வந்து ஒரு வாரமாக் காய்ச்சல். டெங்கு இல்லேங்கறாங்க. வேற என்னவா இருக்கும்?

இது சாப்பாட்டுக் கணக்கில் வராது, ஆனால் சேர்வராயன் மலையில் அதிகம் கேட்கும் கேள்வி. உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள், அக்குளிலும் இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் பெல்ட் கட்டும் இடத்திலும். சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு ஒன்று வலியில்லாமல் இருந்தால், அது ஸ்க்ரப் டைபஸ் ஆக இருக்கலாம். எலிகளோடு வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருகிறது. கடித்து ஆறிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் காய்ச்சல். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது.

சாதாரணக் காய்ச்சலுக்கு எழுதும் பெனிசிலின் வகை மருந்துகள் இதைத் தொடாது, டாக்சிசைக்ளின்தான் மருந்து. முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால், ஒன்று மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. சேற்றிலோ சாக்கடை ஓரத்திலோ வேலை பார்த்திருந்து, கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலையும் டாக்டரிடம் சொல்லுங்கள். "எஸ்டேட்டுல வேலை பாக்கறேன்" என்ற ஒரு வரியை முதலிலேயே சொல்லிவிட்டால் பல நாள் மிச்சமாகும்.

வைடால் டெஸ்ட்டுல டைபாய்டுன்னு வந்துருச்சு. கோழி தின்னதாலயா?

டைபாய்டும் சால்மோனெல்லாதான், ஆனால் அந்த வகை மனிதரிடம் மட்டுமே வாழும். கோழிக்குச் சம்பந்தமில்லை, இன்னொரு மனிதரின் மலம் கலந்த தண்ணீரோ, அவர் கைபட்ட சாப்பாடோதான். வைடால், 1896-ல் வந்த சோதனை. பழைய தொற்று, வேறு காய்ச்சல், முன்பு போட்ட தடுப்பூசி எதற்கும் பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டக் கூடாது. ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுப்பதுதான் சரி, அதையும் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே.

பண்ணையில கோழிக்கு ஆன்டிபயாடிக் குடுக்கறாங்க. நல்லா வேகவச்சா மருந்து போயிரும்ல, எனக்கென்ன?

வேகவைத்தால் பாக்டீரியா சாகும், சரி. ஆனால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா சட்டிக்கு வருமுன்பே கடைக்காரர் கையிலும் வெட்டும் கட்டையிலும் கழிவுநீரிலும் இறங்கிவிடுகிறது. மேலும், எதிர்ப்புத் தரும் மரபணுவை ஒரு பாக்டீரியா பக்கத்தில் உள்ள வேறு வகை பாக்டீரியாவுக்கே கொடுத்துவிடும். கோலிஸ்டின், வேறு எதுவும் கேட்காதபோது ஐ.சி.யூ.வில் போடும் மருந்து. அதற்கு எதிர்ப்புத் தரும், கைமாறக்கூடிய மரபணு ஒன்று 2015-ல் சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியா 2019 ஜூலையில் கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. நோயுற்ற கோழிக்கு மருந்து கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எடை ஏறுவதற்காகத் தீவனத்தில் கலப்பதில்தான் ஆட்சேபம்.

மாதிரி எடுத்துட்டுப் போயிட்டு அஞ்சு நாள் கழிச்சு ரிசல்ட்டுங்கறீங்க. அதுவரைக்கும் என்னதான் பண்றீங்க?

கறி 25 கிராமை 225 மில்லி பெப்டோன் நீரில், அதாவது பாக்டீரியாவுக்கான சத்துத் திரவத்தில், போட்டு ஒரு ராத்திரி 37 டிகிரியில் வைப்போம். அடிபட்டுச் சோர்ந்த பாக்டீரியா தேறிவரும். மறுநாள், சால்மோனெல்லாவை வளரவிட்டு மற்றதை அடக்கும் திரவத்துக்கு மாற்றுவோம். மூன்றாம் நாள் தட்டில் பூசினால், அடுத்த நாள் நடுவில் கறுப்புப் புள்ளியோடு திட்டுகள் தெரியும். அதன் பிறகு உறுதிப்படுத்தும் சோதனைகள், எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தால் சீக்கிரம் தெரியும், ஆனால் செத்த கிருமியையும் காட்டும். முழு மரபணுவையும் படித்தால் ஒரு கிருமியின் சொந்தக்காரர்கள் யார் யார் என்று பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்காவில் அந்த இறைச்சித் தொழிற்சாலை மாட்டியது அப்படித்தான்.

எங்கள் ஆய்வில் கடைப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். புகார் என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். அவர் சட்டப்படி எடுக்கும் மாதிரிதான் செல்லும். அதைச் சோதிக்கும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் சேலத்திலேயே இருக்கிறது.

எனக்கு ரிசல்ட்டுல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. அப்ப நான் சும்மாவா படுத்துக் கெடந்தேன்?

இல்லை. தேடியதில் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். இரண்டு வேளை ஆன்டிபயாடிக் போட்ட பிறகு மலம் கொடுத்திருந்தால் தட்டில் ஒன்றும் வளராது. கேம்பைலோபாக்டர் குறைந்த ஆக்சிஜனில், 42 டிகிரியில்தான் நன்றாக வளரும். தனியாகக் கேட்காவிட்டால் பெரும்பாலான ஆய்வகங்களில் அதைத் தேட மாட்டார்கள். நோரோவைரஸ் தட்டில் வளரவே வளராது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்றால் கிருமி சமைக்கும்போதே செத்து, நச்சு மட்டும் இருந்திருக்கலாம்.

அடுத்த தடவை படுத்தால், மிச்சச் சாப்பாட்டைக் கொட்டாமல் மூடிபோட்ட சுத்தமான டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். மலத்தை முதல் நாளே, அகல வாய்ப் புட்டியில், மூத்திரம் கலக்காமல் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் வந்து சேர வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு மூன்றாம் நாள் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம்.

கடைக் கோழியிலயும் அதே கிருமி, என் மலத்துலயும் அதே கிருமி. அப்பக் கோழியிலிருந்துதானே வந்துச்சு?

பெயர் ஒன்றாக இருப்பது போதாது. சால்மோனெல்லாவில் மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட வகை உண்டு. வகையும் ஒன்றாக இருந்தாலும் மரபணு வரிசையில் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். மிகச் சில எழுத்துகள்தான் வித்தியாசம் என்றால் நெருங்கிய சொந்தம். அப்போதும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று மரபணு மட்டும் சொல்லாது. கடையில் வெட்டுபவருக்கே பேதி இருந்து, அவர் கையிலிருந்து கறிக்குப் போயிருக்கலாம். உங்கள் இருவருக்கும் ஒரே தண்ணீரிலிருந்து வந்திருக்கலாம்.

அதைப் பிரித்துப் பார்க்கத்தான் யார் என்ன சாப்பிட்டார், எப்போது படுத்தார் என்ற பட்டியல் வேண்டும். பரோட்டாக் கேள்வியில் சொன்ன, படுக்காதவர்களின் பட்டியலும் அதில் அடக்கம். கடையில் கறியோடு நிறுத்தாமல் கட்டை, கத்தி, தண்ணீர் டிரம், வெட்டுபவரின் கை எல்லாவற்றிலும் பஞ்சு தடவி எடுப்பதும் அதனால்தான். கறிக்கு மறுப்பே சொல்லாத கடைக்காரர்கள், கையை நீட்டச் சொன்னால் மட்டும் "அதெதுக்கு மேடம்?" என்கிறார்கள்.